மாப்பிள்ளை டையும் பட்டு மீனும்

மீன் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜாதவ்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய சீர்த்தட்டுகளில், நட்டநடுத் தட்டில், மூக்குத்தியும் சிவப்புத் துணியும் அணிந்து ஒரு முழு ரூயி மீன் மணப்பெண் போலப் படுத்திருந்தது. அது வந்து இறங்கிய இடமோ டாலிகஞ்சில் முட்டைகூட நுழைந்திராத ஒரு ஃபிளாட். துறைமுக அலுவலகத்தில் எந்த மேலதிகாரிக்கும் கலங்காத பத்மநாபன், வாசலில் நின்று மீனைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மீன் கீழ்வீட்டு ரத்னா பௌதியின், அதாவது ரத்னா அண்ணியின், அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கே அவர் மனைவி சகுந்தலா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மீனுக்குப் பதில் மீன்தான். ஆனால் சைவ மீன்.

வங்காளிகள் சீர்த்தட்டில் துணியைச் சும்மா மடித்து வைப்பதில்லை. புடவை மயிலாகும், துண்டு தாமரையாகும், சட்டை படகாகும். சகுந்தலா பிற்பகல்களில் ரத்னா பௌதி வீட்டுக்கு இறங்கிப் போய் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டாள். கற்ற வேகத்தில் மயில்கண் வேஷ்டி அன்னமாயிற்று. பத்மநாபனுடைய புதுத் துண்டுகூட ஒருநாள் முயலாகிவிட்டது. அவர் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு முயலைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

இன்று ஜானவாசம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வர வேண்டும். அதற்கான கோட்டு சூட்டு பெண்வீட்டார் தருவது. இந்த வழக்கத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை நீலாஞ்சனின் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சூட்டு உங்கள் கையால் வரட்டும், டை மட்டும் அவன் அப்பாவுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, மெல்லிய துணிப்பையில் சுருட்டி வைத்திருந்த ஒரு பட்டு டையைச் சகுந்தலாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அந்த அப்பா இப்போது இல்லை. நீலாஞ்சன் கல்லூரியில் சேர்ந்த வருஷமே போய்விட்டார்.

அரக்குச் சிவப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வைத்த டை அது. மீனாவதற்கென்றே பிறந்த துணி என்று சகுந்தலாவுக்குத் தோன்றியதில் தப்பில்லை. தப்பு, தோன்றியதைச் செய்ததுதான்.

காலையில் தட்டுகளைச் சரிபார்க்க வந்த மணப்பெண் சுபிக்ஷா, சூட்டுத் தட்டின் முன்னால் நின்றுவிட்டாள். சூட்டின் மார்பில் ஒரு சிவப்பு மீன் வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"அம்மா, நீலோட அப்பா டை எங்க?"

"கண்ணெதிர்க்கத்தானே இருக்கு."

"எங்க?"

"மீன்டி. நன்னா வந்திருக்கோல்லியோ?"

சுபிக்ஷா கட்டிலில் உட்கார்ந்தாள். மருதாணி இட்ட கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. நாளைக் காலையில் தாலி ஏறப்போகிற பெண்ணின் முகத்தில் அப்படி ஓர் அமைதி வருவது நல்லதல்ல என்று சகுந்தலாவுக்குத் தெரியும்.

"அம்மா, அதை அவன் இன்னிக்கு சாயங்காலம் கழுத்துல கட்டிக்கணும்."

தட்டில் வைப்பது என்றால் பார்ப்பதற்கு; கட்டிக்கொள்வது அதற்கப்புறம்; அப்போது பிரித்துக்கொண்டால் போயிற்று. இதுவரை சகுந்தலா நினைத்திருந்தது அவ்வளவுதான். ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நூலை வெட்டினாள். பொட்டு நல்லவேளையாகக் கறை வைக்காமல் வந்தது. மீன் மெல்ல உயிரை விட்டு டையானது. ஆனால் எந்த மாதிரி டை? ஆர்மோனியத்தின் துருத்தியை நீளமாக இழுத்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அழுத்தி அழுத்தி மடித்த மடிப்புகள், நுனியிலிருந்து நுனிவரை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோன் வந்தது. நீலாஞ்சனின் அம்மா. பையன் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு கிளம்பட்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தானே வந்து சூட்டையும் டையையும் வாங்கிப் போகிறேன் என்றார். கடைசியில், டை பத்திரம்தானே என்று கேட்டார். பத்திரம் என்றாள் சுபிக்ஷா. சொல்லும்போது அம்மாவையே பார்த்தாள்.

அந்த அம்மாள் வரதட்சிணை கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை, மீனைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்ததற்குக்கூட முகம் சுளிக்கவில்லை. கேட்டது இந்த ஒன்றுதான். போன புருஷனின் பொருளைத் தூக்கி ஒரு மீனாக்கி வைத்திருக்கிறேனே என்று நினைத்த சகுந்தலா, சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் காரணமில்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றினாள்.

பத்மநாபன் விஷயம் கேள்விப்பட்டதும் ஓர் அதிகாரிக்குரிய தோரணையோடு வந்தார். கையில் இஸ்திரிப் பெட்டி. டை என்பது தன் இலாகா என்றும், முப்பது வருஷம் ஆபீசில் டை கட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்றும், பெட்டியைச் சூடேற்றி ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது என்றும் அறிவித்தார்.

"அப்பா, அதைக் கீழ வை," என்றாள் சுபிக்ஷா. "பட்டு. நேரடியா வெச்சா பளபளன்னு தேஞ்சுபோகும், இல்லேன்னா கருகும்."

அவள் ஃபோனில் படித்துக்கொண்டே போனாள். தண்ணீர் தெளிக்கக் கூடாது, பட்டில் திட்டு விழும். முறுக்கக் கூடாது. ஓரங்களைத் தட்டையாக அழுத்தக் கூடாது. டையின் விளிம்பு உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். ஆவி காட்டலாம், தொடாமல். அப்புறம் ஒல்லி முனையிலிருந்து தளர்த்தியாகச் சுருட்டி வைக்கலாம். தெருமுனை லாண்டரிக்கு ஃபோன் செய்தாகிவிட்டது. கல்யாண சீசன், வருகிற வாரம்தான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டான்.

முதலில் குளியலறை. கீசரை முழுச் சூட்டில் வைத்து வாளி நிறைய வெந்நீர் பிடித்து, டையை ஹேங்கரில் மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். தை மாதக் குளிரில் கண்ணாடியெல்லாம் பனி படர்ந்தது. மூவரும் கதவுக்கு வெளியே, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். திறந்து பார்த்தபோது டை சற்றே சோம்பலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்புகளின் கூர்மை மழுங்கியிருந்ததே தவிர, ஆசாமிகள் அப்படியே இருந்தார்கள். இதற்கிடையில் பத்மநாபனுக்குக் கல்யாண விரதச் சடங்குக்குக் குளித்தாக வேண்டும். மாப்பிள்ளையின் டையோடு ஒரே அறையில் குளிப்பது முறையா என்று அவர் கேட்டபோது, சுபிக்ஷா டையை ஹேங்கரோடு வெளியே எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆவி என்ற சொல் சகுந்தலாவின் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த வீட்டில் ஆவிக்குச் சொந்தக்காரி யார்? தினமும் விடியலில் அதை எழுப்பிவிடுகிறவள் யார்?

இட்லிப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"அம்மா, வேண்டாம். தண்ணி சொட்டும்."

"மூடி போட்டாத்தான்டி சொட்டும். மூடியே கிடையாது. மேல துணி."

பானையின் வாயில் இட்லித் துணியைப் பிழிந்து இறுக்கிக் கட்டினாள். நீர்த்துளி துணியோடு நின்றுவிடும். ஆவி மட்டும் மேலே வரும். அதற்குமேல் ஒரு சாண் உயரத்தில் டையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். ஒரு மடிப்புக்கு ஆவி, அப்புறம் உள்ளங்கையால் ஒரு தடவல். இழுக்கவில்லை. குழந்தையின் கால்களை எண்ணெய் விட்டு நீவுவது போல, அது தானாக நீள வேண்டும். ஜன்னல் வழியே வெயில் அந்த ஆவிக்குள் சாய்ந்து இறங்கியது. சிவப்புப் பட்டு அதில் ஒரு நீளமான ஆறு மாதிரி மிதந்து கடந்து போயிற்று. சுபிக்ஷா ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். பத்மநாபன் மட்டும், வெந்துவிட்டதா என்று இடையில் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

மீனின் செதில் போயிற்று. வால் போயிற்று. துருத்தி போயிற்று.

ஒரே ஓர் இடம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. கழுத்துக்குக் கீழே முடிச்சு உட்காருகிற இடத்தில், சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு இரண்டு கோடுகள். சகுந்தலா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மீனுக்கு அவள் மடித்ததெல்லாம் நேர் மடிப்பு. சாய்வாக எங்குமே மடிக்கவில்லை.

"இது என்னோடது இல்லை," என்றாள். "இது பழசு."

"பழசுன்னா விட்டுடணுமா?" என்றார் பத்மநாபன். இவ்வளவு நேரமும் அவருக்கு வேலை கிடைக்காமல் இருந்தது. "நம்ம கையில வந்த சாமான் நம்ம கையிலேர்ந்து போறச்சே குத்தமில்லாம போகணும்."

சகுந்தலாவுக்குச் சட்டென்று ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடும் முன்னே குக்கர் கூப்பிட்டது, ரத்னா பௌதி பூக்கூடையோடு படியேறி வந்தாள், புரோகிதர் வேறு ஃபோனில். போகிற போக்கில் சகுந்தலா, ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்மநாபன் ஜாக்கிரதையாகத்தான் செய்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மகள் படித்துக் காட்டிய விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தார். மீந்துபோன கல்யாணப் பத்திரிகை ஒன்றை டையின் அகலத்துக்கு வெட்டி உள்ளே செருகினார், பின்பக்கத் தையல் முன்பக்கம் பதியாமல் இருக்க. மேலே தன் வெள்ளைக் கைக்குட்டை. இஸ்திரிப் பெட்டி மிகக் குறைந்த சூட்டில். தேய்க்கவில்லை, வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். தபால் தலை ஒட்டுகிறவரின் பொறுமை. விளிம்பைத் தொடவே இல்லை. கடைசியில் கைக்குட்டையை நீக்கியபோது அந்த இரண்டு கோடுகளும் இருந்த சுவடே இல்லை. டையைச் சுருட்டித் துணிப்பையில் வைத்துவிட்டு, வீட்டில் எல்லாரிடமும், கீழ்வீட்டுக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கும்போது நீலாஞ்சனின் அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, வெளிர்நிறப் பருத்திப் புடவை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சகுந்தலாவைக் கட்டிக்கொண்டு "பேயான்" என்றார். சம்பந்தியம்மாளை வங்காளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்பான வார்த்தைதான் என்று மகள் எத்தனை முறை சொல்லியும் சகுந்தலாவுக்கு ஒவ்வொரு தடவையும் லேசாகத் தூக்கிவாரிப் போடும்.

சூட்டைப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார், மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு துணிப்பையிலிருந்து டையை எடுத்து மடியில் விரித்தார்.

அது கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல் இருந்தது.

அந்த அம்மாளின் விரல்கள் டையின் மேல் மெல்ல ஊர்ந்து போயின. ஓர் இடத்தில் நின்றன. கொஞ்சம் மேலே போய்ப் பார்த்தன. திரும்பக் கீழே வந்தன. பூகோள வகுப்பில் வரைபடத்தில் ஓர் ஊரைத் தேடுகிறவரைப் போல.

பத்மநாபன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"கரெக்ட், மேடம். அங்கேதான்," என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் இந்தியையும் சரிபாதி கலந்து. "பழைய மடிப்பு ஒண்ணு இருந்தது. ரொம்பப் பிடிவாதம். நானே சொந்தக் கையால எடுத்துட்டேன். இனிமே ஜன்மத்துக்கும் வராது."

விரல்கள் அப்படியே நின்றன.

சகுந்தலாவுக்குக் காலையில் உறுத்தியது என்ன என்பது இப்போது புரிந்தது. முடிச்சு உட்காருகிற இடம். சாய்வாக இரண்டு கோடு.

நீலாஞ்சனின் அம்மா வங்காள மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அழவில்லை. கோபமாகவும் தெரியவில்லை. சுபிக்ஷா தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள்.

"அது அங்கிளோட முடிச்சு. கடைசியா ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கட்டிண்டு போனாராம். வந்து கழட்டி நாற்காலில போட்டாராம். அப்புறம் யாரும் அதைக் கட்டலை. நீலோட அம்மா இஸ்திரி போட விடலை."

"ஐயோ," என்றாள் சகுந்தலா.

"நீலுக்கு டை கட்டத் தெரியாது. அந்த மடிப்பு மேலயே முடிச்சு விழுந்தா, அவரே வந்து கட்டிவிட்ட மாதிரி இருக்கும்னு நெனச்சாளாம்."

பத்மநாபன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டார், அவை ஏதோ திருடிவிட்டு வந்தவை போல.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சகுந்தலா சம்பந்தியம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வங்காளம் முழுவதும் காய்கறிக்காரனிடம் கற்றது. அதில் பேரம் பேசலாம், வெண்டைக்காய் முற்றல் என்று சண்டை போடலாம். மன்னிப்புக் கேட்பதற்கு இதுவரை தேவை வந்ததில்லை.

"தீதி," என்றாள். அக்கா என்கிற அந்தச் சொல் ஒன்றுதான் சரியாக வந்தது. மிச்சத்தை மகளிடம் தமிழில் சொல்லி அனுப்பினாள். "அவர் மேல தப்பில்லை. மொதல்ல கெடுத்தது நான். அதை நான் மீனாக்கிட்டேன். அதைப் பிரிக்கப் போய்த்தான் இவ்வளவும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஃபோனை எடுத்து, மீன் முழு மகிமையோடு இருந்தபோது பிடித்த படத்தைக் காட்டினாள். சிவப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, தூக்கிய வால், ஸ்டிக்கர் பொட்டுக் கண்.

நீலாஞ்சனின் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சகுந்தலா பயந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். முகத்தை நிமிர்த்தியபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. எது எதற்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

"இது ரூயி இல்லையாம், அம்மா," என்றாள் சுபிக்ஷா. அவள் குரலிலும் மூச்சு திரும்பியிருந்தது. "உடம்பு ஒல்லியா இருக்காம். பாப்தா மீனாம். அங்கிளுக்கு அதுதான் ரொம்ப இஷ்டமாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் எழுந்தார். சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். டையை நீளவாட்டில் ஏந்தி, பத்மநாபனின் முன்னால் போய் நின்று, மறைத்து வைத்திருந்த அவர் கைகளை வெளியே நீட்ட வைத்து, அவற்றின் மேல் போட்டார். இந்தமுறை மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் இந்தியிலேயே நிறுத்தி நிறுத்திப் பேசினார். எடுத்தவர் நீங்கள். நீங்களே போட்டுத் தர வேண்டும். சாயங்காலம் மண்டப வாசலில், கார் கிளம்புவதற்கு முன்னால், என் பையன் கழுத்தில் நீங்கள் கட்டுங்கள். அதே இடத்தில். இனி அவனுக்கு நீங்களும் அப்பாதானே.

பத்மநாபன் நெஞ்சில் கைவைத்து, "கண்டிப்பா, மேடம்," என்றார். "அது என் பொறுப்பு." அந்த நிமிஷத்தில் அவர் அழகாகவே இருந்தார். சகுந்தலாவுக்குக்கூட அவரைப் பார்த்துக் கண் கலங்கிற்று.

கலங்கிய கண் தெளிந்தது, சம்பந்தியம்மாளை ஆட்டோ ஏற்றிவிட்டு மாடிக்குத் திரும்பியபோதுதான். முப்பது வருஷமாக அவருடைய டைகளை அலமாரியில் மாட்டி வைப்பவள் அவள். நீலம் ஒன்று, சாம்பல் ஒன்று, கோடு போட்டது ஒன்று. மூன்றுக்கும் முடிச்சு கடையிலேயே தைத்து வந்தது. கழுத்துக்குப் பின்னால் ஒரு கொக்கி. மாட்டினால் தீர்ந்தது வேலை.

"ஏன்னா," என்றாள் மெதுவாக. "உங்களுக்கு டை கட்டத் தெரியுமோ?"

பத்மநாபன் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். ஃபோனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே நீல டை ஒன்றை இடமிருந்து வலமாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அது வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருந்தது. சிவப்புப் பட்டு டை மேஜைமேல் சுருக்கமில்லாமல் கிடந்தது. அதை எடுத்துப் பழக முடியாது. ஒரு முடிச்சுத் தவறினால் ஒரு மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் திரும்ப இட்லிப் பானை. அதில் ஒரே ஒரு முடிச்சுக்குத்தான் இடம் இருந்தது.

ஆகவே கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகை அங்கவஸ்திரத்தைக் கழுத்தில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். இடது மேலே, வலது கீழே, உள்ளே, வெளியே, இழு.

இழுத்தார். முடிச்சு விழுந்தது. நல்ல முடிச்சுதான், தாடைக்கு நேர் கீழே, திடமாக, ஜரிகையோடு ஜரிகை பின்னி.

கீழே கார் ஹாரன் அடித்தது. மண்டபத்துக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தது. சகுந்தலா ஒரு பக்கமும் சுபிக்ஷா ஒரு பக்கமுமாகப் பிடித்து, மருதாணிக் கையும் மஞ்சள் கையுமாக அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது அவிழவில்லை.